1,950 ரூபாவுக்கு வாங்கிய கடதாசிப் பூச் செட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்க வேண்டாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், அந்த இரண்டும் உள்ளே இருந்த இதழ் அச்சு அட்டைக்கும் பச்சை டேப்புக்கும் மட்டும்தான். மிச்ச சாமான் எல்லாம் ஹட்டன் கடைத்தெருவில் ஏதாவது ஒரு புத்தகக் கடையில் ஏறினால் பாதிக் காசுக்குக் கிடைக்கும், அதையும் நீங்களே தொட்டுப் பார்த்து, நிறம் பார்த்து எடுக்கலாம். அவசரத்தில் இருக்கிறவர்கள் இதோடு போகலாம். சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற என் மாதிரி அம்மாமார் யாராவது இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள், ஏனென்றால் இதை வாங்கி ஏமாந்த பிறகுதான் கடதாசிப் பூவைப் பற்றி நான் உருப்படியாக எதையாவது தெரிந்துகொண்டேன்.

என் நிலைமை இது. கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீடு, ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. காலை ஆறரை பஸ், திரும்ப வீட்டுக்குள் கால் வைக்கும்போதும் ஆறரை. கணவர் கொழும்பில், மாதத்தில் இரண்டு தரம் வருவார். மகளுக்கு ஒன்பது வயது, அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, மகனுக்கு ஐந்து. மாமியார் எங்களோடு இருக்கிறார், முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். அவர் இல்லை என்றால் இந்த வீடு ஓடாது, இந்த ரிவியூவும் வந்திருக்காது.

செப்டம்பர் கடைசி. ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், அதோடு ஒட்டி வாணி விழா. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இரவு எட்டு மணிக்கு டீச்சரின் வொய்ஸ் மெசேஜ்: பிள்ளைகள் எல்லோரும் கையால் செய்த பூ ஐந்தைந்து கொண்டுவர வேண்டும், கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பூ வேண்டாம். பிளாஸ்டிக் வேண்டாம் என்றது நல்லதுதான். ஆனால் ‘பிள்ளைகள் கையால்’ என்றால் அம்மா கையால் என்று அர்த்தம், அது டீச்சருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அன்றைக்கு இரவே பேஸ்புக்கில் இந்த விளம்பரம் வந்தது. கையால் செய்யும் பூ, முழுச் செட், ஒரு பூவுக்குப் பத்து நிமிடம். ரோஜா, லில்லி, செர்ரி, ஹைட்ரேஞ்சியா என்று படம் போட்டிருந்தார்கள். நான் பார்த்தது பூவை இல்லை, அந்தப் பத்து நிமிடத்தைத்தான். 1,950 ரூபா, கூரியர் 400, பார்சல் கைக்கு வந்த பிறகு காசு. ஓடர் போட்டாச்சு. ஐந்தாம் நாள் கூரியர் பொடியன் போன் எடுத்து, “அக்கா, தோட்டத்துக்குள்ள வர ஏலாது, டவுனுக்கு வந்து எடுங்க” என்றான். 400 ரூபா வாங்கிக்கொண்டு என்னையே சுமக்கவைத்தது தனிக் கதை, அதை விடுவோம்.

பெட்டிக்குள் இருந்தவை: வெட்டிவைத்த கிரேப் பேப்பர் இதழ் அறுபது, வெட்டாத கலர் தாள் கொஞ்சம், பச்சைக் கம்பி பத்து, பச்சை டேப் ஒரு சுருள், மகரந்தத்துக்கு வைக்கும் குட்டிக் குட்டி மொட்டு நூல் ஒரு கட்டு, இதழ் அச்சு அட்டை ஆறு, ஒரு குட்டிக் கத்தரி, சூட்டுக் கம் துப்பாக்கி, அதற்குள் போடும் குச்சி ஐந்து. கூடவே வழவழப்பான தாளில் அச்சடித்த செய்முறை. எழுத்து முழுக்கச் சீன மொழி, படம் ஒவ்வொன்றும் தபால் முத்திரை அளவு. மூன்றாவது படத்தில் ஒரு இதழ் இருக்கிறது, நாலாவது படத்தில் முழு ரோஜா இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பது கடவுளுக்கு வெளிச்சம்.

கத்தரியைப் பற்றி ஒரு வரி போதும், அது வெண்ணெய் வெட்டத்தான் ஆகும். மாமியாரின் துணி வெட்டும் கத்தரியை எடுத்தேன், அவர் போட்ட சத்தம் கீழ் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டிருக்கும். கடதாசி வெட்டினால் துணிக் கத்தரி மழுங்கிவிடும் என்றார், அது உண்மையும்கூட. பிறகு 250 ரூபாவுக்கு வேறு வாங்கினேன்.

இனி இதழ். இந்தச் செட்டின் பெரிய பிழை இங்கேதான், இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு போனது. கிரேப் பேப்பரை பல்ப் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரே பக்கமாக ஓடுகிற சின்னச் சின்னச் சுருக்க வரிகள் தெரியும். அந்தச் சுருக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வரிக்குக் குறுக்காக இழுத்தால் சுருக்கம் விட்டுப் பேப்பர் அகலும், வரி ஓடுகிற பக்கமாகவே இழுத்தால் அசையாது, இன்னும் இழுத்தால் கிழியும். ஆகவே ரோஜா இதழ் வெட்டும்போது வரி அடியிலிருந்து நுனி வரைக்கும் நெட்டுக்கு ஓட வேண்டும். அப்படி வெட்டின இதழின் நடு வயிற்றில் இரண்டு பெருவிரலையும் வைத்து மெதுவாக இரண்டு பக்கமும் தள்ளினால் அது குழிந்து உள்ளங்கை மாதிரி ஆகும், மேல் விளிம்பை ஒரு பென்சிலில் சுருட்டிவிட்டால் இதழ் வெளிப்பக்கம் மடிந்து நிற்கும். ரோஜாவுக்கு ரோஜா முகம் வருவது இந்த இரண்டு அசைவில்தான். செட்டில் வந்த அறுபது இதழில் பாதிக்கு மேல் வரி குறுக்காக ஓடியது. தாளை மிச்சம் பிடிக்க வெட்டினவர்கள் அச்சைத் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள் போல. அப்படி வெட்டின இதழை எவ்வளவு தள்ளினாலும் குழியாது, நீளம்தான் கூடும். என் முதல் ரோஜா கோவாத் தழை மாதிரி இருந்தது. மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அம்மா, இது டீச்சருக்கா, முயலுக்கா?” என்றாள்.

பத்து நிமிடம் என்றார்களே, அந்த முதல் பூவுக்குப் போனது ஐம்பத்தைந்து நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் பச்சை டேப்போடு மல்லுக்கட்டியது. தொட்டுப் பார்த்தால் ஒட்டும் தன்மையே இல்லை, கம்பியில் சுற்றினால் அப்படியே கழன்று விழுகிறது, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அந்தப் பேஸ்புக் பக்கத்துக்குத் திட்டி ஒரு மெசேஜும் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. ஆனால் டேப்பில் குற்றம் இல்லை, குற்றம் என்னுடையது. அது மெழுகு ஏற்றின பேப்பர் டேப். சும்மா சுற்றினால் ஒட்டாது, சுற்றும்போதே இழுத்துக்கொண்டே போக வேண்டும். இழுபடும்போதுதான் மெழுகு வெளியே வந்து தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். இதை மகன்தான் கண்டுபிடித்தான், விளையாட்டுக்கு இழுத்து இழுத்து மேசைக் காலில் சுற்றிவைத்திருந்தான், பிரித்தால் வரவில்லை. அதற்குத்தான் ஒரு நட்சத்திரம். ஹட்டனில் இந்த டேப்பை நான் தேடிய இரண்டு கடையிலும் இல்லை. கிடைக்காதவர்கள் பச்சைக் கிரேப்பை அரை அங்குல நாடாவாக வெட்டிக் கொஞ்சம் கம் தொட்டுச் சரிவாகச் சுற்றுங்கள், வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

சூட்டுக் கம் துப்பாக்கிக்குப் பூச்சியம். 20 வாட், 7 மில்லிமீட்டர் குச்சி போடுகிற சின்ன வகை. பிளக் எங்கள் வீட்டுப் பொயின்டில் ஏறாது, அடாப்டர் தனியாக வாங்க வேண்டி வந்தது. சூடாக ஏழெட்டு நிமிடம், ஆன பிறகு விசையை விட்டாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் ஒரு சொட்டு என் சுட்டுவிரலில் விழுந்தது, விழுந்தது மட்டும் இல்லாமல் தோலோடு ஒட்டிக்கொண்டது. சுடுதண்ணீர் பட்டால் வழிந்து போகும், இது போகாது, ஒட்டின இடத்திலேயே இருந்து சுடும். மாமியார் பற்பசை பூசச் சொன்னார். பூசாதீர்கள். குழாயைத் திறந்து இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் விரலைப் பிடித்துக்கொண்டிருங்கள். நம் ஊர்த் தண்ணீர் குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, அன்றைக்குத்தான் அது உதவிக்கு வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தச் சாமானை மேசையில் வைக்கவே கூடாது. இதை வைத்துக்கொண்டு பெட்டி மேல் ‘குடும்பத்தோடு செய்யலாம்’ என்று சிரிக்கிற பிள்ளையின் படம் வேறு.

சரி, அப்படியானால் எதை வைத்து ஒட்டுவது? நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த பைண்டர் கம் இருக்கிறது, நல்ல பிடிதான். ஆனால் ஹட்டன் பக்கத்து ஈரத்தில் அது காய்கிற லட்சணம் தெரியுமே. மழை இல்லாத நாளில் அரை மணித்தியாலத்தில் காய்வது மழை நாளில் இரவு முழுக்க எடுக்கும், அதுவரைக்கும் இதழைப் பிடித்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? வழி சொன்னது மாமியார். அவருடைய அப்பா மாசி மாதம் காமன் கூத்துக்குக் கிரீடம் கட்டுகிறவராம், ஜிகினாவும் கலர்ப் பேப்பரும் கோதுமை மாப் பசையும் வைத்துச் செய்வாராம். “மாப் பசை நாலு நாள்ல பூஞ்சணம் பூத்துரும், கரப்பான் வேற வந்துரும். எங்கப்பா நூலால இறுக்கிக் கட்டிட்டு, வெளியில தெரியுற எடத்துல மட்டுந்தான் பசை வப்பாரு” என்றார். அதைத்தான் செய்தேன். முதல் இதழைக் கம்பியில் சுருட்டி அடியில் நூலால் இரண்டு சுற்று, அடுத்த இதழைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி இரண்டு சுற்று, அப்படியே பத்துப் பன்னிரண்டு இதழ், கடைசியில் ஒரு முடிச்சு. கம் ஒரு சொட்டும் இல்லை, காயவைக்கவும் தேவை இல்லை, கை சுடவும் இல்லை. பாதியில் எழும்பிக் குழம்பைக் கிளறிவிட்டு வந்தாலும் பூ அப்படியே இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே நூல்தான் என் கட்சி.

கம்பியும் அப்படித்தான், தேவையே இல்லை. தென்னம் ஈர்க்கு போதும், பழைய விளக்குமாற்றில் உருவினது. தடித்த காம்பு வேண்டுமென்றால் பழைய ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை மூலையிலிருந்து குறுக்காக இறுக்கிச் சுருட்டினால் குச்சி மாதிரி நிற்கும்.

இப்போது அழுகைப் பகுதி. செட்டில் இருந்த நல்ல இதழ்களைப் பொறுக்கி, மிச்சத்தை நானே வெட்டி, ஒருவழியாக ஐந்து சிவப்பு ரோஜா செய்து முடித்தோம். காலையில் மகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்சுக்கு நடந்தாள். குடை இருந்தது, ஆனால் நம் மழை மேலிருந்து மட்டுமா வருகிறது? பஸ் நிறுத்தம் போவதற்குள் பூவிலிருந்து சிவப்புச் சாயம் இறங்கி விரலெல்லாம் ஒழுகி, வெள்ளைச் சீருடையின் முன்பக்கம் முழுக்க ரத்தம் மாதிரி. பஸ்சில் ஒரு அம்மா பதறிப்போய், “புள்ளைக்கு என்னாச்சு?” என்று கேட்டார். பிள்ளை பாதி வழியில் அழுது திரும்பி வந்தது. நான் அரை நாள் லீவு போட்டேன். சவர்க்காரம், வெயில் (எங்கே வெயில்?), எலுமிச்சம்பழம் எல்லாம் பார்த்தாச்சு. லேசான ரோசா நிறத்தில் ஒரு தடம் இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில் நியாயமாகப் பேச வேண்டும். அன்று மாலையே கடைத்தெருவில் வேறு சிவப்புக் கிரேப் வாங்கி, ஒரு துண்டை ஈர விரலால் தொட்டுப் பார்த்தேன், அதுவும் சாயம் விட்டது. மலிவான கிரேப் பேப்பரில் இது எல்லாவற்றிலும் இருக்கிற குணம், சிவப்பும் கடும் ஊதாவும் இருப்பதிலேயே மோசம், வெள்ளையும் வெளிர் மஞ்சளும் பயம் இல்லை. ஆகவே அந்தக் கம்பெனியை இதற்காக மட்டும் நான் திட்டவில்லை. ஆனால் ‘நனைந்தால் சாயம் போகும்’ என்று பெட்டியில் ஒரு வரி போட என்ன கேடு? வாங்குகிறவர்கள் வெட்டுவதற்கு முன்னால் ஈர விரல் சோதனை செய்யுங்கள், சாயம் போகிற நிறத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடும்போது பூவின் தலையை ஷொப்பிங் பேக்கால் மூடிக் கட்டுங்கள்.

ஈரத்தின் தொல்லை சாயத்தோடு முடியாது. செய்துவைத்த பூ ஒரு இரவு மேசையில் கிடந்தால் காலையில் இதழ் தொங்கும், காற்றில் இருக்கிற ஈரத்தைக் கடதாசி இழுத்துக்கொள்கிறது. ஒரு தரம் புத்திசாலித்தனமாக விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். நன்றாகத்தான் விறைத்தது, ஆனால் வெள்ளைப் பூ நாலும் புகையில் பழுத்த பல் நிறத்துக்கு வந்துவிட்டது. இப்போது பழைய பிஸ்கட் டின், உள்ளே சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் மூன்று. மூடியை இறுக்கி வைத்தால் மாதக் கணக்கில் நிற்கிறது.

கடைத்தெருச் சரக்குக்கு வருவோம், ஒப்பிட்டுப் பார்க்கத்தானே வந்தீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்னப் புத்தகக் கடை. நான் கொடுத்த விலை: கிரேப் பேப்பர் மடிப்பு 130 ரூபா, பிரிஸ்டல் போட் அட்டை 80, சின்னப் பைண்டர் கம் 150, வெசாக் கூடு ஒட்டுகிற மெல்லிய டிஷ்யூ தாள் ஒன்று 25. அதைச் ‘சவ்கொள’ என்று சிங்களத்தில் கேட்டால் எந்தக் கடையிலும் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். மே மாதம் வெசாக் நேரத்தில் எல்லா நிறமும் இருக்கும், ஒக்டோபரில் மிச்சம் மீதிதான். முதலாளியிடம் பேச்சுக் கொடுத்தால் எந்தக் கட்டு போன வருடத்துச் சரக்கு, எந்தக் கட்டு புதுசு என்று அவரே சொல்லிவிடுகிறார். “தங்கச்சி, அது வேணாம், வெளிறிப் போச்சு, உள்ளுக்க இருந்து தாறேன்” என்று படியேறி எடுத்துக் கொடுத்தார். இந்தச் சேவையை எந்தப் பேஸ்புக் பக்கத்தில் வாங்குவது? ஐந்துக்கு நாலரை. கடையில் வெளிச்சம் போதாது, மஞ்சளையும் கிரீமையும் வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தால்தான் தெரிகிறது, அதனால் அரை நட்சத்திரம் குறைத்தேன்.

நேரமே இல்லாத அம்மாமாருக்கு இன்னும் ஒன்று. கிரேப்பையும் விடுங்கள், கடையில் விற்கிற பேப்பர் சேர்வியட் கட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சேர்வியட்டை விரித்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, விசிறி மடிப்பதுபோல முன்னும் பின்னுமாக மடித்து, நடுவில் நூலால் கட்டி, இரண்டு முனையையும் வளைத்து வெட்டி, ஒவ்வொரு படலமாக நடுவை நோக்கி நிமிர்த்திவிட வேண்டும். இரண்டு படலம் உள்ள வகை என்றால் அதையும் பிரிக்கலாம், பூ இன்னும் அடர்த்தியாக வரும். பார்க்க கார்னேஷன் மாதிரி இருக்கும். இதுதான் உண்மையான பத்து நிமிடப் பூ, என் கை பழகிய பிறகு ஐந்து. மகன் படலத்தைப் பிரிக்கும்போது கிழிப்பான், கிழிந்தாலும் பூவில் தெரியாது.

ஹைட்ரேஞ்சியாவுக்குச் செட்டில் ரோசா நிறத் தாள்தான் இருந்தது. மகள் ஒத்துக்கொள்ளவே இல்லை, “தொரை பங்களாவுல இருக்கிறது நீலம்தானே” என்றாள். அவள் சொல்வது சரி. மண்ணில் புளிப்புத் தன்மை கூடினால் அந்தப் பூ நீலமாகப் பூக்கும், தேயிலைக்கும் அதே புளிப்பு மண்தான் வேண்டும், ஆகவே நம் பக்கத்தில் நீலம் அதிகம். அச்சு அட்டைக்கு நான் கொடுத்த நட்சத்திரம் இங்கேதான் வேலை செய்தது: நாலு இதழ் உள்ள குட்டிப் பூவின் அச்சு அளவாக இருந்தது. நீல டிஷ்யூவை ஒரு அங்குலச் சதுரமாக வெட்டி, நாலாக மடித்து, அச்சை வைத்து இதழ் மாதிரி வளைத்து வெட்டினால் ஒரே வெட்டில் நாலு இதழும் வரும். இப்படி நாற்பது ஐம்பது வேண்டும். நிறைய என்று பயப்படாதீர்கள், சோறு வேகும் நேரத்தில் பத்து, மகள் டியூசன் வேலை முடித்துவிட்டுப் பத்து, வெட்டினதெல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள். ஒரு நாள் வெட்டுவது மட்டும், இன்னொரு நாள் கட்டுவது மட்டும் என்று பிரித்துக்கொண்டால்தான் நம் மாதிரி ஆட்களுக்கு இது நடக்கும். ஒரே மூச்சில் முழுப் பூ செய்ய உட்கார்ந்தீர்களோ, நடுவில் ஒருத்தன் சிறுநீர் என்பான், ஒருத்தி கணக்கு விளங்கவில்லை என்பாள்.

செர்ரிப் பூவை நான் செய்யவில்லை. அதன் வெள்ளைத் தாளும் மொட்டு நூலும் அப்படியே கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் அதைக் கையில் எடுத்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைத் தாளைக் கத்தரி தொடாமல் விரலாலேயே வட்ட வட்டமாகக் கிள்ளி எடுத்தார், கொழுந்து கிள்ளுகிற அதே கிள்ளு, ஓரம் கொஞ்சம் பிசிறாக. மொட்டு நூல் போதாது என்று தையல் பெட்டியிலிருந்து மஞ்சள் நூலை எடுத்து விரலில் முப்பது நாற்பது சுற்றுச் சுற்றி, நடுவில் கட்டி, ஒரு பக்கத்தை அறுத்து விரித்தார். நடுவில் மஞ்சள் கற்றை, சுற்றி ஆறு வெள்ளை இதழ், தலை கொஞ்சம் கீழே பார்த்தபடி. தேயிலைப் பூ.

மகள் அதைப் பார்த்து, “அப்பாயி, இது எந்தப் பூ?” என்றாள். தேயிலைக்கு நடுவில் பிறந்த பிள்ளை. அவளைச் சொல்லிக் குற்றம் இல்லை, ஒழுங்காகக் கொழுந்து எடுக்கிற மலையில் பூவை எங்கே பார்ப்பது? “எடுக்காம விட்ட மலையிலதான் பூக்கும். பூவக் கண்டா கங்காணி ஏசுவாரு” என்றார் மாமியார். பிறகு மேல் டிவிஷனில் காடாகிக் கிடக்கிற மலையைக் காட்டி, அங்கே போனால் இப்போது தலையில் வைக்கிற அளவுக்கு இருக்கும் என்றார். அவ்வளவுதான் பேசினார். அடுத்த பூவுக்கு நூலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அந்த வெள்ளை கொஞ்சம் கண்ணைக் குத்துகிறது என்று நான் இதழ்களைச் சாயத்தில், அதாவது ஆறின பிளேன்டீயில், ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பார்த்தேன். அழகான பழுத்த கிரீம் நிறம் வந்தது, நிஜப் பூவுக்கு இன்னும் கிட்டே போனது. ஒரு தட்டில் காயவைத்ததில் மட்டும் கறுப்புப் புள்ளி புள்ளியாக விழுந்தது, தட்டைத் திருப்பிப் பார்த்தால் துரு. தேயிலையில் இருக்கிற டானின் இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும், பழைய காலத்தில் எழுதுகிற மையே டானினும் இரும்பும் சேர்த்துத்தான் செய்தார்கள். பிளாஸ்டிக் தட்டில் காயவையுங்கள். சேர்வியட் வேண்டாம், முக்கினால் கூழாகிவிடும், வெள்ளைக் கிரேப் தாங்கும். ஆனால் நனைந்து காய்ந்த கிரேப்பின் சுருக்கம் பாதி போய்விடும், ஆகவே குழிக்கிற வேலையை முக்குவதற்கு முன் செய்து பயன் இல்லை, காய்ந்த பிறகு மிச்சம் இருக்கிற சுருக்கத்தை வைத்துத்தான் குழிக்க வேண்டும். தேயிலைப் பூ இதழுக்கு அவ்வளவு குழிவு போதும்.

டீச்சருக்கு இரண்டாம் தரம் அனுப்பியது அந்தத் தேயிலைப் பூ ஐந்துதான், ஷொப்பிங் பேக் மூடி, நூல் கட்டி. ஈர்க்குக் காம்பு, பச்சை டேப், அடியில் பிரிஸ்டல் போட்டில் வெட்டின இரண்டு இலை. மொத்தச் செலவைக் கணக்குப் பார்த்தேன், தொழிலே அதுதானே: ஐந்து பூவுக்கு 90 ரூபாவும் வரவில்லை, செட் டேப்பை விட்டுவிட்டால். செட்டில் மிஞ்சிய கலர் தாளை மகள் புத்தகத்துக்கு அடையாளம் வைக்கிறாள், கம்பி பத்தும் மாமியாரின் தக்காளிச் செடிக்குப் போயிற்று, கம் துப்பாக்கி அலுமாரி மேல் தட்டில் பூட்டிக் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன், பிள்ளை இல்லாத வீடாக இருந்தால்.

அந்தச் சீனச் செய்முறைத் தாளை மட்டும் மகன் எடுத்துக்கொண்டான். போன சனிக்கிழமை மழையில் அதைக் கத்திக்கப்பல் மடித்து லயத்துக் கானில் விட்டான். அவன் விடுகிற கொப்பித் தாள் கப்பல் எல்லாம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவம் தாண்டுவதற்குள் ஊறித் தாழ்ந்துவிடும். இது வழவழப்புத் தாள் பாருங்கள், மதகுக்கு அந்தப் பக்கம் போய், பெரிய ஆற்றுப் பக்கம் திரும்பும் வரைக்கும் மிதந்தது. பெட்டிக்குள் வந்ததிலேயே மழையைத் தாங்கியது அது ஒன்றுதான்.